‘ஆரோ பாக்கினம் தானே!’

ஜூன் கடைசியில் பள்ளிக்கூடம் விட்டதும் ரொறன்ரோ தமிழ்க் குடும்பங்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே பேச்சு, கொட்டேஜ். நகரத்திலிருந்து வடக்கே இரண்டு, மூன்று மணி நேரம் காரில் போனால் கவார்த்தா, மஸ்கோகா, அல்கொன்குயின் என்று ஏரிகள் வந்துகொண்டே இருக்கும். ஒன்ராறியோ மாகாணத்தில் மட்டும் 2,50,000 ஏரிகளுக்கு மேல் உண்டு. அப்படி ஓர் ஏரிக்கரையில் இருக்கும் மரவீட்டை வாடகைக்கு எடுத்து, மூன்று நான்கு குடும்பங்கள் ஒன்றாகப் போய்த் தங்குவதுதான் நம்மவர்களின் கொட்டேஜ் பயணம்.

இரண்டு பேர் போகும் இடத்துக்கு நாம் இருபது பேர் போவோம். அரிசி மூட்டை, இடியப்ப உரல், மசாலா தடவி ஐஸ் பெட்டியில் அடுக்கிய கோழி, கரம் போர்ட், அம்மம்மாவின் மடக்குக் கதிரை எல்லாம் வண்டியில் ஏறும். கலியாண வீட்டில் மட்டும் சந்தித்துக்கொள்கிற மச்சான் மச்சாள்மார் வரிசையாகத் தரையில் படுத்துக்கொண்டு விடியும்வரை கதைப்பார்கள். பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல விடுமுறை கிடையாது.

போவதற்கு முன் குழுவில் ஒரு பட்டியல் போடுவோம். ரொட்டிக்கு மாவு பெரியம்மா, கரி மூட்டை சித்தப்பா, நுளம்பு மருந்து மாமி. எல்லாவற்றுக்கும் பக்கத்தில் ஒரு பெயர் இருக்கும். ஒரு வேலை மட்டும் அந்தப் பட்டியலில் வருவதே இல்லை: பிள்ளைகள் தண்ணீரில் இறங்கும்போது கரையில் இருந்து பார்ப்பது யார்?

கேட்டால் ஒரு பதில் தயாராக இருக்கும். “இவ்வளவு சனம் இருக்கிறம், ஆரோ பாக்கினம் தானே!”

ஆபத்து அந்தப் பதிலில்தான் இருக்கிறது. மத்தியானச் சாப்பாடு முடிந்த நேரத்தை நினைத்துப் பாருங்கள். பார்பிகியூ அடுப்படியில் நிற்கும் சித்தப்பா, குசினி யன்னலால் சித்தி பார்க்கிறாள் என்று நினைப்பார். சித்தியோ, வெளியில் இத்தனை ஆம்பிளைகள் நிற்கிறார்களே என்று பாத்திரம் கழுவுவாள். மரமேடையில் கதிரை போட்டிருக்கும் மாமா, மூத்த பிள்ளைகள் கூட இருக்கிறார்கள் என்று போனைப் பார்ப்பார். மூத்த பிள்ளைகள், மாமா இருக்கிறார் என்று தூரமாய் நீந்திப் போவார்கள். பத்துப் பேர் இருக்கும் இடத்தில் ஐந்து வயதுக் குழந்தையைப் பார்க்க ஒருவரும் இல்லை.

அன்பில்லாததால் வருவதல்ல இது. கூட்டமாக இருக்கும்போது மனித மனம் அப்படித்தான் வேலை செய்கிறது. ஜான் டார்லி, பிப் லத்தானே என்ற இரண்டு ஆய்வாளர்கள் நியூயோர்க்கில் செய்த ஒரு பரிசோதனையை 1968-ல் வெளியிட்டார்கள். தனித்தனி அறைகளில் இருந்த மாணவர்கள் இன்டர்கொம் வழியே பேசிக்கொண்டிருக்கும்போது, ஒருவருக்கு வலிப்பு வந்ததுபோல் ஒரு குரல் கேட்கும். அதைத் தான் ஒருவரே கேட்பதாக நினைத்தவர்களில் 85 விழுக்காட்டினர், வலிப்பு அடங்குவதற்குள் உதவிக்கு எழுந்து ஓடினார்கள். இன்னும் நான்கு பேர் கேட்டுக்கொண்டிருப்பதாக நினைத்தவர்களில் அப்படி எழுந்தவர்கள் 31 விழுக்காடுதான். ஆட்கள் கூடக்கூட, ‘இது என் வேலை’ என்ற நினைப்பு குறைந்துவிடுகிறது.

சத்தம் கேட்டால் ஓடிப்போய்விடலாம் என்றும் நினைக்க வேண்டாம். சினிமாவில்தான் மூழ்குகிறவர் கையை ஆட்டி “காப்பாத்துங்கோ” என்று கத்துவார். உண்மையில் மூச்சு எடுக்கவே வாய் போதாது; கத்த முடியாது. கைகள் தண்ணீரைக் கீழே அழுத்திக்கொண்டிருக்கும், ஆட்ட முடியாது. தலை பின்னால் சாய்ந்து, வாய் தண்ணீர் மட்டத்தில் மேலும் கீழுமாகப் போய்வரும். ஒரு நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்துவிடலாம். பக்கத்தில் நிற்பவருக்குப் பிள்ளை விளையாடுவது போலவே தெரியும்.

“அவன் நீச்சல் வகுப்புக்குப் போறவன்” என்பது இன்னொரு தைரியம். வகுப்பு நடக்கும் குளத்தில் தரை தெரியும், தண்ணீர் இளஞ்சூடு, பிடிக்க ஓரம் உண்டு. ஏரியில் இரண்டு அடி தள்ளிக் கால் வைத்தால் பள்ளம் இருக்கலாம். மேலே வெதுவெதுப்பான தண்ணீர், கீழே உடம்பை உதற வைக்கும் குளிர். காற்று நிரப்பிய மிதவையில் பிள்ளை ஏறினால், கரையிலிருந்து வீசும் காற்று சத்தமில்லாமல் நடு ஏரிக்குக் கொண்டுபோய்விடும். கனடாவின் உயிர்காப்புச் சங்கம் சொல்லும் குறைந்தபட்ச அளவு இது: ஆழத்தில் திடீரென்று விழுந்தாலும் மேலே வந்து, ஒரு நிமிடம் அதே இடத்தில் மிதந்து, 50 மீட்டர் நீந்தத் தெரிய வேண்டும். உங்கள் பிள்ளைக்கு அது முடியுமா என்று முதலில் பாருங்கள். முடியாவிட்டால் அளவான லைஃப் ஜாக்கெட் போட்டுத்தான் தண்ணீருக்குப் போக வேண்டும். சின்னக் குழந்தைகளுக்கு ஜாக்கெட் இருந்தாலும், எட்டிப் பிடிக்கும் தூரத்தில் ஒரு பெரியவர் இருக்க வேண்டும்.

இதற்குத் தீர்வு பெரிய செலவு இல்லை. பட்டியலில் இன்னொரு வரி சேருங்கள்: ‘தண்ணீர்க் காவல்’. முறை வைத்து, ஒருவருக்கு இருபது நிமிடம். அந்த நேரத்தில் அவருக்குப் போன் இல்லை, பியர் இல்லை, சீட்டாட்டம் இல்லை. அடையாளத்துக்கு ஒரு சிவப்புத் தொப்பி வாங்குங்கள். தொப்பி யார் தலையில் இருக்கிறதோ அவர்தான் காவல். கழிப்பறைக்குப் போவதென்றாலும் அதை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். ஆள் இல்லையென்றால் பிள்ளைகள் கரைக்கு வர வேண்டும்.

இதில் பெண்களுக்கு மட்டும் இரட்டை வேலை விழக் கூடாது. சமையல் செய்கிறவரைக் காவல் கணக்கில் சேர்க்காதீர்கள். அடுப்பில் கறி இருக்கும்போது யன்னலால் பார்ப்பது காவல் அல்ல.

“எனக்கு நீச்சல் தெரியாதே, நான் என்ன செய்யிறது?” என்று கேட்கிற பெரியவர்கள் நம்மிடையே நிறையப் பேர். அவர்களும் காவல் இருக்கலாம், ஆனால் சின்னஞ்சிறுசுகளோடு தண்ணீருக்குள் நிற்க நீந்தத் தெரிந்த இன்னொருவரும் வேண்டும். கரையில் இருப்பவர் கண்ணால் பார்த்து, ஊதுகுழல் ஊதி எல்லோரையும் கூப்பிட வேண்டும். துடுப்பை நீட்டலாம், கயிறு கட்டிய மிதவை, வெறும் ஐஸ் பெட்டி, எது மிதக்குமோ அதை எறியலாம். குதிக்க மட்டும் கூடாது. பிள்ளையைக் காப்பாற்றக் குதித்த தகப்பனும் சேர்ந்து போன வீடுகள் உண்டு.

வீட்டுக்குள் நுழைந்ததும் இன்னொரு வேலை. அங்கே போன் சிக்னல் எங்கே கிடைக்கிறது என்று பாருங்கள். வீதியோரப் பலகையில் இருக்கும் வீட்டு இலக்கத்தையும் வீதியின் பெயரையும் பெரிதாக எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டுங்கள். 911-ஐ அழைக்கும் பதற்றத்தில், வாடகை வீட்டு விலாசம் யாருக்கும் நினைவு வராது.

உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021-ல் மட்டும் சுமார் 3,00,000 பேர் தண்ணீரில் மூழ்கி இறந்தார்கள். ஐ.நா. சபை ஜூலை 25-ஐ நீரில் மூழ்குவதைத் தடுக்கும் நாளாக அறிவித்திருக்கிறது. ஒன்ராறியோ ஏரி என்றாலும், விடுமுறைக்குப் போகிற ஊர்க்குளம், வாய்க்கால், பம்புசெட் தொட்டி என்றாலும் இதே கதைதான்.

இந்தக் கோடையிலும் போங்கள். எல்லோரையும் கூட்டிக்கொண்டு போங்கள். இடியப்பமும் சொதியும் ஏரிக்கரையில் தனி ருசி. பிள்ளைகள் தண்ணீருக்கு ஓடும்போது மட்டும் ஒருவர் எழுந்து தொப்பியைப் போட்டுக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொல்லட்டும்: “இப்ப நான் பாக்கிறன்.”