கிராம் கணக்கும் கால் எலும்பும்

இங்கே சுவிட்சர்லாந்தில் பனிச்சறுக்கு பழகிய என் வயதுக்காரர்களுக்கு இப்போது எடைப் பைத்தியம் பிடித்திருக்கிறது. பூட்ஸைச் சறுக்குப் பலகையோடு பிணைக்கும் பைண்டிங், ஒரு காலுக்கு 300 கிராம்தான் என்றால் மயங்கிவிடுகிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ஆஸ்திரியாவின் ஃபிரிட்ஸ் பார்தெல் 1980களில் உருவாக்கிய ஊசி பைண்டிங் அருமையான யோசனைதான். பூட்ஸ் முனையை இருபுறமும் ஊசி பிடித்துக்கொள்ளும், குதிகால் தாராளமாக எழும்பும். மலையேற அதற்கு நிகரில்லை. ஆனால் ஐயா, நீங்கள் ஏறுவது வருஷத்துக்கு எத்தனை நாள்? இரண்டா? மீதி நாளெல்லாம் லிஃப்டில் போய், இறுகிய பாதையில்தானே சறுக்குகிறீர்கள்? அங்கே கால் முறுகினால், சாதாரண பைண்டிங் முனையில் பக்கவாட்டில் கழன்று விடும். ஊசி வகையில் பெரும்பாலானவை குதிகால் பக்கம்தான் கழலும். அதிர்ச்சி தாங்கும் நெகிழ்வும் குறைவு.

2018இல் வந்த சாலமன் ஷிஃப்ட், ஏறும்போது ஊசி, இறங்கும்போது சாதாரணப் பிடி. ஏறக்குறைய 900 கிராம். இருக்கட்டுமே! நம் தொப்பையைவிடவா அது பாரம்?

இன்னொன்று. 50 வயதானால் கழலும் அளவை ஒரு படி குறைத்து வைக்கச் சொல்கிறது அட்டவணை. கடையில் வயதைக் குறைத்துச் சொல்கிறீர்களே, அங்கென்ன பெண் பார்க்கவா போயிருக்கிறீர்கள்?