சிவப்புக் காலிப்பரும் கறுத்துப்போன ஆயிலும்

சென்ற வாரம் அண்ணன் மகன் வந்திருந்தான். வந்ததும் வராததுமாகச் செல்போனை நீட்டி, "சித்தப்பா, இது எப்படி இருக்குதுங்க?" என்றான். சிவப்புப் பெயின்ட் அடித்த காலிப்பர், துளை போட்ட பெரிய டிஸ்க், ரேஸ் பேட். விலையைக் கேட்டதும் எனக்குத்தான் பிரேக் பிடித்தது.

செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் சொந்தக் காரை ஓட்டிப் பார்க்கப் போயிருக்கிறான். நாலாவது சுற்றிலேயே பெடல் தொளதொளவென்று ஆகிவிட்டதாம். அதனால் எல்லாவற்றையும் மாற்றப் போகிறானாம். அதே காரில்தான் தினமும் மகளைப் பள்ளிக்கூடத்தில் விடுகிறான்.

"பிரேக் ஆயில் எப்ப மாத்துனே?"

"வாங்குனதுல இருந்து மாத்துலீங்க."

நாலு வருஷத்து வண்டி!

நான் அதைக் கேட்டதற்குக் காரணம் உண்டு. 1986-ல் ஒருநாள் குன்னூரிலிருந்து அம்பாசடரில் இறங்கிக்கொண்டிருந்தேன். பின் சீட்டில் மனைவியும் இரண்டு குழந்தைகளும். பெட்ரோல் மிச்சம் என்று டாப் கியரிலேயே, பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தேன். பர்லியாறு தாண்டி ஒரு வளைவில் பெடல் பொதுக்கென்று அடிவரை போய்விட்டது. இரண்டாவது கியருக்குத் தள்ளி, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, மலைப்பக்கத்து மண்மேட்டில் உரசி நிறுத்தினேன். அரைமணி கழித்து மிதித்தால், ஒன்றுமே நடக்காததுபோல் பெடல் கெட்டியாக இருந்தது! மேட்டுப்பாளையத்தில் மெக்கானிக் திறந்துவிட்ட ஆயில் காப்பி டிகாக்ஷன் மாதிரி வந்தது. வண்டியைக் குறை சொல்ல முடியாது. எத்தனை வருஷமாக அதை மாற்றவில்லை என்று எனக்கே நினைவில்லை.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 ஆயில் புதிதில் 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. ஈரம் சேர்ந்தபின் அந்த அளவு 155-தான். கொதித்தால் குழாயில் ஆவி. ஆயில் அமுங்காது, ஆவி அமுங்கும். நாம் மிதிக்கிற மிதியெல்லாம் அதை நசுக்குவதிலேயே போய்விடும். வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் தாங்க வேண்டிய சூடு நாலு மடங்கு. டிராக்கில் அது ஆறுவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும்.

பெரிய டிஸ்க் வீண் என்று சொல்லவில்லை. திரும்பத் திரும்ப மிதிக்கும் இடத்தில் சூட்டைத் தாங்கும். ஆனால் ரோட்டில் ஒரே மிதியில் நிறுத்தும் தூரத்தை அது குறைத்துவிடாது. மிதிக்கும்போது ஏபிஎஸ் துடிக்கிறதா? அப்படியானால் பிரேக்குக்குப் பலம் இருக்கிறது, டயருக்குத்தான் பிடிப்பு போதவில்லை. அந்தப் பணத்துக்கு நல்ல டயர் வாங்கலாம்.

எனக்கு ஒப்பாதது அந்த ரேஸ் பேட்தான். சூடேறினால்தான் அது நன்றாகக் கடிக்கும். மார்கழிக் காலையில் வீட்டைவிட்டுக் கிளம்பி, முதல் திருப்பத்தில் ஒரு மாடு குறுக்கே வந்தால் அது எங்கே சூடேறியிருக்கும்? பக்கத்து சீட்டில் பள்ளிக்கூடப் பை இருக்கிறதே! போதாததற்கு டிஸ்க்கையும் தின்னும், கிறீச்சிட்டு ஊரையும் கூட்டும்.

"முதல்ல புது ஆயில் ஊத்து. ரோட்டுக்கும் ஆகற, கொஞ்சம் சூடு தாங்கற பேடாப் பார்த்துப் போடு. கடைசிச் சுற்றை மெதுவா ஓட்டி ஆறவிடு. நிறுத்துனதும் ஹேண்ட் பிரேக் இழுக்காதே, கியர்ல போட்டு கட்டை வை. அப்புறமும் பத்தலீன்னா டிஸ்க் வாங்கு" என்றேன்.

முகம் அவ்வளவாக மலரவில்லை. சிவப்புக் காலிப்பர் போன வருத்தம். ஆனாலும் நேற்று போன் செய்தான், ஆயில் மாற்றியாயிற்றாம். அடுத்த முறை டிராக்குக்கு என்னையும் கூப்பிட்டிருக்கிறான். போக ஆசைதான். பர்லியாற்றை மறக்காத ஒருத்தி வீட்டில் இருக்கிறாள், அவளிடம் இன்னும் சொல்லவில்லை.