மரவள்ளி மாவை ஊரிலேயே சோதிக்கட்டும்

கசப்பு மரவள்ளியைத் தின்று வாழும் ஊர்களில், மாவிலுள்ள சயனைடை அந்தந்த ஊரிலேயே சோதித்துப் பார்க்க வசதி வேண்டும். தலைநகர ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்பிவிட்டுக் காத்திருப்பது காங்கோவின் குவாங்கோ போன்ற பகுதிகளுக்கு உதவாது. இத்தாலிய மருத்துவர் ட்ரொல்லி 1938இல், இந்த நஞ்சால் வரும் 'கொன்சோ' நோயை விவரித்தது அங்கிருந்துதான். நேற்றுவரை ஓடியாடிய பிள்ளையின் கால்கள் திடீரென விறைத்து முடங்கும். பிறகு சரியாவதே இல்லை. 1981இல் மொசாம்பிக்கின் நம்புலா மாகாணத்தில் ஆயிரத்துக்கும் அதிகமானோர் இப்படி முடங்கினார்கள். அது வறட்சிக் காலம். மற்றப் பயிர்கள் பொய்த்து, மூன்று வேளையும் மரவள்ளி என்றாகும்போது, கிழங்கைப் பல நாள் ஊறவைத்து நஞ்சிறக்கப் பசி விடுவதில்லை. பருப்பும் மீனும் இல்லாத உடலுக்கு அந்த நஞ்சை முறிக்கும் சத்தும் போதாது.

ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் ஹோவர்ட் பிராட்பரி குழுவினர் உருவாக்கிய சோதனைப் பெட்டி, ஊரிலேயே சோதிப்பதற்கென்றே வந்தது. சிறு பிளாஸ்டிக் குப்பியில் நொதி ஏற்றிய காகித வில்லை, 100 மில்லிகிராம் மாவு, கொஞ்சம் தண்ணீர்; மேலே மஞ்சள் நிறப் பிக்ரேட் காகிதம். இறுக மூடி இரவு முழுக்க வைத்தால், நஞ்சின் அளவுக்கேற்பக் காகிதம் பழுப்பேறும். வண்ண அட்டையோடு ஒப்பிட்டால் போதும், மின்சாரம் தேவையில்லை. துல்லியம் குறைவு என்பார்கள். உண்மைதான். ஆனால் சர்வதேச வரம்பு கிலோவுக்கு 10 மில்லிகிராம். மாவில் இருப்பது 40ஆ 50ஆ என்ற ஐயத்தால் சமைப்பவரின் முடிவு மாறப்போவதில்லை. பெண்கள் தலைமுறையாகப் பதப்படுத்தத் தெரிந்தவர்கள், சோதனை எதற்கு என்ற கேள்வியும் உண்டு. அவர்கள் கைப்பக்குவத்தில் குறையில்லை, குறைவது அவகாசம். தவிர, கடையில் வாங்கும் மாவு எத்தனை நாள் ஊறிய கிழங்கிலிருந்து வந்தது என்று யாருக்குத் தெரியும்? 2017இல் உகாண்டாவின் கசேசே மாவட்டத்தில் மரவள்ளி மாவு உண்டு 98 பேர் பாதிக்கப்பட்டு, இருவர் இறந்தார்கள்.

கனமான ஆட்சேபம் ஒன்றுதான்: வேறு உணவே இல்லாதவரிடம் இதில் நஞ்சு என்று சொல்லி என்ன பயன்? வழியில்லாவிட்டால் அது வெறும் கொடுமை. வழி இருக்கிறது. மாவைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து, மெல்லிய படலமாகப் பரப்பி, நிழலில் ஐந்து மணி நேரமோ வெயிலில் இரண்டு மணி நேரமோ விட்டால், நஞ்சு வாயுவாகிப் பெருமளவு வெளியேறிவிடும், அன்றே சமைத்துவிடலாம். குவாங்கோவின் கே கலெண்டா கிராமத்தில் இதைக் கையாண்டு புதிதாகக் கொன்சோ வராமல் தடுத்தார்கள். ஆகவே நிவாரண மூட்டைகளோடு இந்தப் பெட்டியும் போகட்டும். அதை அந்த ஊர்ப் பெண்களிடமே கொடுத்துப் பழக்க வேண்டும். பரப்புவதற்கு முன் ஒரு குப்பி, பின் ஒரு குப்பி என்று வைத்து, மறுநாள் இரண்டு காகிதங்களையும் அவர்களே ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.