புகையை விடுவது எப்படி?

பீடி, சிகரெட்டை விட முடியாதவனை மனவுறுதியற்றவன் என்று பழிப்பதே நம் நாட்டு வழக்கமாயிருக்கிறது. அவனோ கோவிலில் சத்தியம் செய்கிறான்; மாலை போட்ட 48 நாளும் தொடாதிருந்து, கழற்றிய அன்றே பெட்டிக்கடையில் நிற்கிறான். பிறகு "தலையெழுத்து" என்று ஓய்ந்துவிடுகிறான்.

இதில் தலையெழுத்துக்கு என்ன வேலை? புகையிலையிலுள்ள நிக்கோட்டின் சில வினாடிகளில் மூளைக்கு ஏறி, அதை வசப்படுத்திக்கொள்ளுகிறது. விட்டவுடன் எரிச்சலும் தூக்கமின்மையும் வருவது அதனாலேயொழியப் பாபத்தினாலல்ல. ஆகவே இது வைத்தியம் செய்ய வேண்டிய வியாதியேயாகும். நிக்கோட்டின் சூயிங்கம் முதலிய மாற்று மருந்தை உலக சுகாதார நிறுவனம் 2009ல் அத்தியாவசிய மருந்துகளில் சேர்த்தது. இந்திய சர்க்கார் 2016ல் ஏற்படுத்திய 1800 112 356 என்னும் இலவசத் தொலைபேசியில் யோசனை சொல்ல ஆளிருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், 2018 முதல் அந்த எண் சிகரெட்டுப் பெட்டி மேலேயே அச்சாகி வருகிறது!

தோழர்களே! விட்ட ஒரு வருஷத்தில் இருதய வியாதியின் அபாயம் ஏறக்குறையப் பாதியாகிறது. எனவே, தவறினவனைக் கேலி செய்யாமல் மறுபடி முயலச் செய்யுங்கள். விஷத்துக்கு வரி வாங்குகிற சர்க்காரும், ஆஸ்பத்திரி தோறும் அதற்கு மாற்றை இலவசமாய்க் கொடுக்கட்டும்.