சாயமேறிய கைகளும் காந்தமும்

சேலம் அம்மாபேட்டைப் பக்கம் தறிக்கு நூல் சாயமேற்றுபவரின் கைகளைக் கவனித்திருக்கிறீர்களா? நிறம் ஏறியிருக்கும், சிலருக்கு விரலிடுக்கில் தோல் வறண்டு வெடித்திருக்கும். வெடித்த பிறகுதான் களிம்பைத் தேடுகிறோம். அதற்கு முன்பே தோலுக்குள் மாற்றம் தொடங்கிவிடுகிறது. தோலைக் கிள்ளியெடுத்து நுண்ணோக்கியில் வைக்காமலே அதை அறிய ஒரு வழி உண்டு: காந்த ஒத்ததிர்வு. அந்த வழி பெரிய மருத்துவமனையோடு நின்றுவிடக் கூடாது என்பது என் கருத்து.

ஹைட்ரஜன் அணுவின் கரு ஒரு நுண்காந்தம். காந்தப்புலத்தில் வைத்தால் பம்பரம்போல் தலையாட்டும், 1.5 டெஸ்லா புலத்தில் விநாடிக்குச் சுமார் 6.4 கோடி முறை! அதே அதிர்வெண் கொண்ட வானொலி அலையைச் செலுத்தினால் கருக்கள் பதில் ஒலி எழுப்பும். இந்த விளைவை 1946இல் பிளாக் குழுவும் பர்செல் குழுவும் தனித்தனியே காட்டின. கொழுப்பிலுள்ள ஹைட்ரஜன், நீரிலுள்ளதைவிட விநாடிக்குச் சுமார் 220 முறை குறைவாக ஆடும். இந்தச் சிறு சுருதி பேதத்தைப் பிரித்துக் காட்டுவதே நிறமாலை.

ஒலி எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பதும் முக்கியம். தோலுக்கு உறுதி தருவது கொலாஜன். அதன் முப்புரி அமைப்பை 1954இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் முன்வைத்தார்கள் என்பது நமக்குப் பெருமை. அந்த இழைகள் பற்றிக்கொண்ட நீரின் ஒலி சட்டென்று அடங்கும். கட்டின்றித் திரியும் நீரின் ஒலி நீடிக்கும். தோல் வீங்கினாலோ வறண்டாலோ இந்தக் கணக்கு மாறிவிடும்.

சங்கடம் எங்கே? தோலின் தடிப்பு சில மில்லிமீட்டர்தான். மருத்துவமனைப் பொறியிலோ நிறமாலை எடுக்க வழக்கமாக ஒரு கன சென்டிமீட்டர் அளவாவது திசு வேண்டும். பொறியின் விலையும் கோடிக்கணக்கில்.

ஜெர்மனியின் ஆகன் நகரில் 1990களில் கையில் தூக்கக்கூடிய ஒத்ததிர்வுக் கருவியைச் செய்தார்கள். அதன் காந்தத்தைத் தோலின்மேல் வைத்தாலே போதும். அதன் புலம் சீரானதல்ல. ஆகவே சுருதி பேதத்தைப் பிரிப்பது கடினம். ஆனால் எந்த ஆழத்தில் நீர் எப்படி இருக்கிறது என்று சொல்லும். சாயத் தெருவுக்கு எனக்கு அதுவே போதும். நம் கல்லூரிகள் முயல வேண்டியது இத்தகைய சிறு காந்தங்களில்தான்.

“கையுறை கொடுத்தால் தீராதா, காந்தம் எதற்கு?” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. கையுறையை இன்றே கொடுக்கலாம், கொடுக்கவும் வேண்டும். ஆனால் எந்தக் கையுறை, எந்தக் களிம்பு உண்மையில் காக்கிறது? வலக்கையில் ஒன்று, இடக்கையில் வேறொன்று என்று சில வாரம் வைத்து, இரு கைகளின் தோலையும் அளந்து பார்த்தால் தெரிந்துவிடும்.