பிறேக் கட்டை தேயும் முன்



2022ஆம் ஆண்டு பெற்றோலுக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்றதை நாம் யாரும் மறந்திருக்க மாட்டோம். வீட்டின் பின்புறம் சாத்தியிருந்த சைக்கிளை நான் திரும்பவும் வெளியே எடுத்தது அப்போதுதான். சில்லுகளுக்குக் காற்றடித்தேன், செயினுக்கு எண்ணெய் விட்டேன். பிறேக்கை அழுத்திப் பார்த்தேன், பிடிப்பது போல இருந்தது. அதற்கு மேல் பார்க்கவில்லை.

மாரி தொடங்கிய பின் ஒருநாள் காலை மகளைக் கரியரில் இருத்திக்கொண்டு குளக்கட்டிலிருந்து இறங்கினேன். கீழே பெரிய வீதி. இரண்டு பிறேக்கையும் இறுக்கிப் பிடித்தும் சைக்கிள் நிற்கவில்லை. இரும்போடு இரும்பு உரசும் சத்தம் மட்டும் கேட்டது. வீதியில் ஒரு லொறி வந்துகொண்டிருந்தது. வேறு வழியின்றி வேலிப் பக்கம் திருப்பி விழுந்தோம். மகளுக்கு முழங்காலில் உரசல். எனக்கு மணிக்கட்டு வீங்கி, இரண்டு கிழமை தையல் மெஷினில் இருக்க முடியவில்லை. அந்த இரண்டு கிழமையும் வீட்டுக்கு வருமானம் இல்லை.

சைக்கிள் திருத்தும் ஐயா பார்த்துவிட்டு, "பிள்ளை, கட்டை முடிஞ்சு கன நாள். தகடுதான் றிம்மில உரசுது. முதலே பாத்திருந்தால் பத்து நிமிச வேலை" என்றார். அந்தப் பத்து நிமிட வேலையை அவரிடமே கேட்டுப் பழகினேன். அதையே இந்த மாதம் உங்களுக்கும் சொல்கிறேன்.

பிறேக் கட்டை தேய்வதற்கென்றே செய்யப்பட்ட பொருள். காரிலும் இதே கதைதான். றிம்மை அது பிடித்து நிறுத்தும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக அதன் றப்பர் குறையும். ஆகவே அது தேய்வது பழுதல்ல. தேய்ந்ததைக் கவனிக்காமல் ஓடுவதுதான் ஆபத்து.

கட்டையின் முகத்தில் சிறு பள்ளக் கோடுகள் இருக்கும். அவை மறைந்து போனால் மாற்றும் காலம் வந்துவிட்டது. றப்பர் கல்லுப் போல இறுகியிருந்தாலும் வெடித்திருந்தாலும் மாற்றுங்கள். கைபிடியை அழுத்தும்போது பாதித் தூரத்திலேயே பிறேக் பிடிக்க வேண்டும். கைபிடி ஹாண்டிலில் போய் முட்டினால் வயர் தளர்ந்துவிட்டது அல்லது கட்டை தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். வயரில் ஓர் இழை அறுந்திருந்தாலும் முழு வயரையும் மாற்றுங்கள். இழை இழையாக அறுந்து, அவசரமாக அழுத்தும் நேரத்தில்தான் அது முற்றாக அறும்.

வயர் பிறேக் உள்ள சைக்கிளில் கட்டை மாற்றப் பெரும்பாலும் 10ஆம் இலக்க ஸ்பனர் ஒன்று போதும். பழைய கட்டையைக் கழற்றும் முன் அது எப்படி இருந்தது என்று நன்றாகப் பாருங்கள். புதிய கட்டைகளை ஒரு சில்லின் இரு பக்கமும் சேர்த்தே மாற்ற வேண்டும். சில கட்டைகளின் தகடு ஒரு முனையில் மூடியும் மறு முனையில் திறந்தும் இருக்கும். மூடிய முனை சைக்கிளின் முன்பக்கம் பார்க்க வேண்டும். மாறிப் பூட்டினால் பிறேக் பிடிக்கும்போது றப்பர் கழன்று போய்விடும்.

நட்டை இறுக்கும் முன் கைபிடியை அழுத்தி, கட்டை எங்கே படுகிறது என்று பாருங்கள். அது றிம்மில் மட்டுமே பட வேண்டும். மேலே ரயரில் பட்டால் ரயரை அறுத்துவிடும். கீழே வழுக்கினால் கம்பிகளுக்குள் சிக்கிச் சில்லையே இறுக்கிவிடும். கைபிடியை விட்டதும் இரு பக்கமும் இரண்டு மூன்று மில்லிமீற்றர் இடைவெளி இருந்தால் சரி. பழைய கம்பிப் பிறேக் சைக்கிளில் கட்டை றிம்மின் உட்புறத்தில் பிடிக்கும். அங்கும் இரு கட்டைகளும் ஒரே நேரத்தில் பட வேண்டும்.

றிம்மிலும் கட்டையிலும் எண்ணெய் படவே கூடாது. செயினுக்கு எண்ணெய் விடும்போது பின் றிம்மைத் துணியால் மூடிக்கொள்ளுங்கள். பட்டுவிட்டால் சவர்க்காரத் தண்ணீரால் றிம்மைக் கழுவித் துடையுங்கள். கட்டையின் முகம் பளபளத்தால் மணற்கடதாசியால் மெதுவாகத் தேய்த்துவிடுங்கள்.

வேலை முடிந்ததும் உடனே ஏறி ஓடாதீர்கள். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்து, முன் பிறேக்கையும் பின் பிறேக்கையும் தனித்தனியே அழுத்திப் பாருங்கள். ஒவ்வொன்றும் சில்லை நிறுத்த வேண்டும். மழை நாளில் நனைந்த றிம்மில் பிறேக் பிந்தித்தான் பிடிக்கும். அதனால் முன்கூட்டியே மெதுவாக அழுத்தத் தொடங்குங்கள். முன் பிறேக்கை மட்டும் சடுதியாக இறுக்கினால் சைக்கிள் தலைகுப்புறக் கவிழலாம். இரண்டையும் சேர்த்தே பிடியுங்கள்.

போரில் ஒரு கையில் காயப்பட்டவர்கள் நம்மில் இருக்கிறோம். இரண்டு வயரையும் ஒரே கைபிடியால் இழுக்கும் அமைப்பும் உண்டு. பலமான கைப் பக்கம் அதைப் பூட்டித் தரும்படி கடையில் கேளுங்கள்.

ஸ்கூட்டரின் பிறேக் சில்லுக்குள் மூடியிருந்தால் வயரின் முனையிலுள்ள நட்டைத் திருகி இறுக்கத்தைச் சரிசெய்யலாம். அப்படித் திருகியும் பிடிக்காவிட்டால் அதைத் திருத்துமிடத்தில் கொடுங்கள். உள்ளேயிருக்கும் தூசியை வாயால் ஊத வேண்டாம். அது நெஞ்சுக்குக் கூடாது.

நான் ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிற்றுக்கிழமை சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பார்க்கிறேன். இப்போது ஸ்பனரைப் பிடிப்பது மகள்தான். போன மாதம் பின் கட்டையைத் தடவிப் பார்த்துவிட்டு, "அம்மா, கோடு அழியத் தொடங்கிட்டுது, இந்த முறை மாத்துவம்" என்றாள். இன்னும் ஒரு மாதம் ஓடலாமோ என்று எனக்கு யோசனை வந்தது. குளக்கட்டை நினைத்தேன். அன்றே மாற்றினோம்.

பிள்ளைகளை ஏற்றிப் பள்ளிக்கூடத்துக்கும், நாங்கள் வேலைக்கும் சந்தைக்கும் போய்வரும் சைக்கிள் இது. நாளை காலை புறப்படும் முன் ஒருதரம் குனிந்து அந்தக் கட்டையைப் பாருங்கள். அடுத்த மாதம் ரியூப் ஒட்டுவது பற்றிப் பேசுவோம்.