சுவரிலே ஒரு பாயிரம்

பாடசாலை மாணவரிடையே ஒரு பொழுதுபோக்குப் பரவி வருகின்றது. புதிதாய் வந்த திரைப்படத்தின் சுவரொட்டியைப் பார்த்து, அதனைப் போலவே ஒரு பொய்ச் சுவரொட்டியை ஆக்குகின்றனர். அதே எழுத்து, அதே நிறம், அதே முழக்கம். பொருள் மாத்திரம் தலைகீழ். கதாநாயகன் நிற்க வேண்டிய இடத்திலே சிற்றுண்டிச்சாலைக்காரர் நிற்பார். அரிவாள் இருக்க வேண்டிய கையிலே அகப்பை இருக்கும். முன்னெல்லாம் கொப்பியின் கடைசித் தாளிலே பேனையால் வரைந்தனர். இன்று கைத்தொலைபேசியிலே சில நிமிடத்தில் முடித்துவிடுகின்றனர். இதனைக் கண்டு ஆசிரியர் சிலர் முகஞ் சுளிக்கின்றனர். 'சினிமாப் பைத்தியம் போதாதென்று சினிமாக் கேலியும் வேண்டுமா?' என்பது அவர் வினா. சில இடங்களிற் கொப்பி கிழிக்கப்படுகின்றது. சில இடங்களிற் பெற்றார் அழைக்கப்படுகின்றனர். ஒரு பிள்ளையின் சிரிப்பைத் தண்டிக்குமுன், அச்சிரிப்பு எவ்வகையினது என்று ஆராய்தல் ஆசிரியர் கடனன்றோ? அவ்வாராய்ச்சிக்கே இப்பத்தியை எடுத்துக்கொண்டேன்.

முதலில், இதனைச் செய்வார் யாவர் என்று நோக்குவோம். நடிகரின் கட்டவுட்டுக்குப் பாலூற்றும் இரசிகர் இதனைச் செய்யார். சினிமா என்ற சொல்லைக் கேட்டதும் காதைப் பொத்துவோரும் செய்யார். முன்னவர்க்குப் பக்தி தடை. பின்னவர்க்குப் பகை தடை. இருவர்க்கும் நடுவே ஒருவர் இருக்கின்றார். தைப்பொங்கலுக்கு ஒன்று, தீபாவளிக்கு ஒன்று என ஆண்டில் இரண்டு படம் பார்ப்பார். நன்றாயின் நன்றென்பார், அன்றாயின் கச்சான் கொறித்துவிட்டு வீடு திரும்புவார். யானும் அவ்வினத்தைச் சேர்ந்தவனே. இவர் பார்க்கும் படம் இரண்டு. பார்க்கும் சுவரொட்டியோ இருநூறு. பேருந்துத் தரிப்பிடத்திலும், சந்தை மதிலிலும், இப்போது கையிலுள்ள தொலைபேசியிலும் அவை அவரைத் தேடி வருகின்றன. ஆதலால் படங்களை அறிந்ததினும் படங்களின் விளம்பரங்களை அவர் நன்கு அறிவார். போலிச் சுவரொட்டி இத்தகையார் கையிலே பிறப்பது வியப்பன்று. அவர் எள்ளுவது படத்தையன்று. படம் தந்த வாக்குறுதியை.

சுவரொட்டியை நம் மரபில் வைத்துப் பார்த்தால் அஃது ஒரு பாயிரம். நூலின் முன்னே நின்று, ஆக்கியோன் இவன், நூற்பெயர் இது, நுதலிய பொருள் இது, கேட்போர் இவர், பயன் இது என்று உரைப்பது சிறப்புப் பாயிரம். சுவரொட்டியும் இவற்றையே உரைக்கின்றது. இன்ன நூலின் வழிவந்தது எனக் கூறும் 'வழி' என்னும் உறுப்பை மாத்திரம் சிலர் மறைத்துவிடுவர்; சொன்னால் எந்த நாட்டுப் படத்தைத் தழுவியது என்பது வெளிப்பட்டுவிடும்.

பாயிரத்துக்கு நன்னூலார் ஒரு வரம்பு கட்டினார். எத்துணை அரிய நூலைச் செய்தவனாயினும் அவன் தன்னைத் தானே புகழ்தல் தகாது. ஆகவே சிறப்புப் பாயிரத்தை அவனுடைய ஆசிரியனோ, அவனோடு கற்றவனோ, அவன் மாணாக்கனோ, தகுதியுள்ள உரைகாரனோ செய்தல் வேண்டும் என்றார். தற்புகழ்ச்சிக்கு நான்கு இடங்களில் மாத்திரம் விலக்களித்தார். தன் ஆற்றலை அறியாதார் நடுவே நிற்கும் இடம் அவற்றுள் ஒன்று. படமுதலாளிகள் இந்த ஒரு விலக்கைப் பற்றிக்கொண்டே இத்தனை காலமும் வாழ்கின்றனர் போலும்! தம் பாயிரத்தைத் தாமே எழுதித் தாமே அச்சிட்டு நம் மதிலில் ஒட்டுகின்றனர். அதற்கொரு மறுபாயிரம் எழுத ஒரு மாணாக்கன் முன்வருவானாயின், நன்னூல் விதி ஒருவாறு காப்பாற்றப்படுகின்றது என்பேன்.

சுவரொட்டி பிறந்த காலத்தில் இத்துணைச் செருக்கு அதனிடம் இருந்ததில்லை. லூமியேர் சகோதரர் 1895 டிசம்பர் 28 இல் பாரிசு நகரிலே கட்டணம் பெற்றுப் படங் காட்டினர். அடுத்த ஆண்டளவில் மார்செலின் ஓசோல் என்னும் ஓவியர் அவர்களுக்கு ஒரு விளம்பரம் வரைந்தார். திரையிலே ஒரு தோட்டக்காரன். அவன் பிடித்த நீர்க்குழாயே அவன் முகத்தில் நீரைப் பீய்ச்சுகின்றது. முன்னே இருக்கும் மக்கள் சிரிக்கின்றனர். குறித்த ஒரு படத்தின் காட்சியைக் காட்டிய முதற் சுவரொட்டி இதுவே என்பர். அதன் பொருள் வீரமன்று, நகை.

செருக்குப் பின்னரே ஏறியது. 1931 இல் வெளிவந்த 'காளிதாஸ்' முதல் தமிழ்ப் பேசும்படம் எனப் பெயர் பெற்றது. கதாநாயகி டி. பி. ராஜலக்ஷ்மி தமிழிற் பேசினார். கதாநாயகனோ தெலுங்கிற் பேசினான். பெயர் ஒன்று, பொருள் வேறொன்று என்னும் இடைவெளி தமிழ்ப் பேசும்படத்தோடு உடன்பிறந்தது என்க. பின்னாளில் வந்த பாட்டுப் புத்தகங்கள் கதையைப் பாதியில் நிறுத்தி, 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்று முடித்தன. காணச் சென்றவருட் பலர் மீதி என ஒன்று இல்லாமையைக் கண்டு மீண்டனர். சொல்லுக்கும் பொருளுக்கும் நடுவேயுள்ள அந்த வெற்றிடமே கேலி குடியிருக்கும் வீடு.

ஈழத்தார்க்கு இதில் வேறொரு நியாயமும் உண்டு. நாம் பார்க்கும் தமிழ்ப் படங்களிற் பெரும்பாலன கடல் கடந்து வருவன. 1972 இல் அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் அமைந்து, பிறநாட்டுப் படங்களை இறக்கும் உரிமை அதன் கைக்குச் சென்றது. அப்பத்தாண்டில் 'கோமாளிகள்' (1976), 'வாடைக்காற்று' (1978) முதலிய நம்மவர் படங்கள் தோன்றின. ஆயினும் அவற்றின் தொகை சிறிது, இன்றும் சிறிதே. படமாளிகைக்கு வருவன பெரும்பாலும் பதில் எழுத முகவரியில்லாத கடிதங்கள். அக்கடிதத்தின் ஓரத்திலே நம் பிள்ளைகள் ஏதோ ஒரு குறிப்பு எழுதுகின்றனர். அக்குறிப்பையும் அழித்துவிட்டால், பார்த்துக்கொண்டு மாத்திரம் இருப்பதே நம் தலைவிதியாகிவிடும்.

அண்மையில் என் மேசைக்கு வந்த ஒரு தாளை எடுத்துக்காட்டாகக் கூறுகின்றேன். ஒருவர் நமக்கு முதுகைக் காட்டி நடந்து செல்கின்றார். வேட்டி, சால்வை, கையிலே குடை. எதிரே தீப்பிழம்பு, வானமெங்கும் விடைத்தாள்கள் பறக்கின்றன. தலைப்பு: 'வல்லொற்று'. அதன் கீழே, 'இவன் வந்தால் ஒற்று மிகும், புள்ளி குறையும்!' என்று ஒரு வாக்கியம். தாளின் அடியிலே, 'மீதியைப் பெறுபேற்றிற் காண்க'. அந்தக் குடை யாருடையது என்பதை வகுப்பு முழுவதும் அறியும், யானும் மறுத்தற்கில்லை.

அந்த ஒற்றை வாக்கியத்தை இலக்கண ஆசிரியர்கள் சற்றே நோக்குவாராக. ஒற்றெழுத்துக்குத் தலையிற் புள்ளி உண்டு. ஆதலால் ஒற்று மிகுந்தாற் புள்ளியும் மிகுதல் வேண்டும். இங்கோ குறைகின்றது, ஏனெனில் குறைவது விடைத்தாளின் புள்ளி. சிலேடையும் முரணும் ஒரு வரியில் அமைந்துவிட்டன. காளமேகத்தின் பரம்பரை அற்றுப்போகவில்லை என்று மகிழ்ந்தேன். அன்றியும், முகத்தைக் காட்டாது முதுகைக் காட்டுதல், நெருப்பை மூட்டுதல், ஒரு வரியில் அச்சுறுத்துதல் ஆகிய இக்காலச் சுவரொட்டி இலக்கணங்கள் மூன்றையும் அம்மாணவன் பிரித்தறிந்திருக்கின்றான். வெண்பாவின் யாப்பை அறியாதவன் வெண்பாவைப் போலிசெய்தல் ஒல்லாது. நல்ல போலி நல்ல கல்வியின் அடையாளம். மெய்யான சுவரொட்டியைக் கண்டு இனி அவன் எளிதில் ஏமாறான். தேர்தற் காலத்து மதில்களைக் கண்டும் ஏமாறான் என்பது என் நம்பிக்கை.

இதற்கு நம் முன்னோர் இட்ட பெயர் அங்கதம். தொல்காப்பியச் செய்யுளியல் அதனை இருவகைப்படுத்துகின்றது. வெளிப்படையாய்ப் பழிப்பது வசை. மறைத்துப் பழிப்பது பழிகரப்பு. அங்கதச் செய்யுளைக் கூறுமிடத்து, வசையோடு நசையையும் உடன்வைத்தார் தொல்காப்பியர். நசையாவது விருப்பம். உரைகாரர் அதனை எவ்வாறு கொள்ளினும், ஒரு பொருளிடத்து நமக்குள்ள விருப்பமும் கலந்தபோதே எள்ளல் இலக்கியமாகின்றது என்பது என் துணிபு. சினிமாவை முற்றும் வெறுப்பவன் நல்ல போலிச் சுவரொட்டி செய்யமாட்டாமைக்குக் காரணம் இதுவே.

புறநானூற்றிலே ஔவையார் தொண்டைமானின் படைக்கலங்களைப் புகழ்ந்த வகையையும் நினைக. அவை மயிற்பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசிக் காவலில் இருக்கின்றன என்கின்றார். அதியமானின் படைக்கலங்களோ நுனி முறிந்து கொல்லன் பட்டறையிற் கிடக்கின்றன என்கின்றார். போர் காணாத வேலுக்குத்தான் அத்தனை பளபளப்பு என்பது குறிப்பு. பளபளப்பை அப்படியே எடுத்துக்காட்டிப் பளபளப்பைச் சாய்த்தார். போலிச் சுவரொட்டி செய்வதும் அதுவே.

பிறநாட்டு நீதிமன்றமும் இதனை ஆராய்ந்ததுண்டு. 1991 இல் கருவுற்றிருந்த நடிகை டெமி மூரை அனி லீபோவிட்ஸ் எடுத்த புகைப்படம் 'வனிட்டி ஃபெயர்' இதழின் அட்டையில் வந்தது. 1994 இல் வெளியான 'நேக்கட் கன்' நகைச்சுவைப் படத்தின் விளம்பரத்தில், அதே நிலையில் நின்ற ஒரு கருவுற்ற உடல்மீது லெஸ்லி நீல்சன் என்னும் முதிய நடிகரின் குறும்புச் சிரிப்பு வைக்கப்பட்டது. புகைப்படக்காரர் வழக்குத் தொடுத்தார். மூலத்தின் மிடுக்கையும் பகட்டையும் பற்றிய ஒரு கருத்துரையாக இதனைக் கொள்ளலாம் எனக் கூறி, அமெரிக்க மேன்முறையீட்டு நீதிமன்றம் 1998 இல் அவ்விளம்பரத்தை நேரிய பயன்பாடு என ஏற்றது. தமிழகத்திலே சி. எஸ். அமுதன் இயக்கிய 'தமிழ்ப் படம்' 2010 இல் தமிழ்ச் சினிமாவின் வழக்கங்களையே எள்ளியது. அதன் இரண்டாம் பாகம் 2018 இல் வருமுன், பிற படங்களின் சுவரொட்டிகளைப் போலிசெய்த தாள்களே அதற்கு விளம்பரமாயின. விளையாட்டை வாணிகம் கடன்வாங்கிவிட்டது! நம் நாட்டின் 2003 ஆம் ஆண்டுப் புலமைச் சொத்துச் சட்டமும் விமரிசனம், கருத்துரை, கற்பித்தல் என்பவற்றுக்காக ஒரு படைப்பை நேர்மையாய்ப் பயன்படுத்துவதற்கு இடந் தருகின்றது.

இவ்வளவு கூறியதனால் எல்லாக் கேலியையும் யான் வாழ்த்துவதாகக் கொள்ளற்க. ஒருவன் உடற்குறையையோ, பிறப்பையோ, வறுமையையோ சுவரொட்டியாக்குவது அங்கதமன்று, வெறுஞ் சிறுமை. ஒரு மாணவியின் முகத்தை அவள் இசைவின்றி எடுத்து வேறோர் உடலில் ஒட்டிப் பலர்க்கும் அனுப்புவது விளையாட்டே அன்று, தீங்கு. யந்திரமே படம் வரைந்து தரும் இந்நாளில் அத்தீங்கு செய்ய ஒரு நிமிடம் போதும்; அதனால் உண்டாகும் புண் ஆற ஓராயுளும் போதாது. அங்கே ஆசிரியர் உடனே குறுக்கிட வேண்டும்; பிள்ளையின் பக்கம் நிற்க வேண்டும். அந்தத் தாளையும் குடை பிடித்த பண்டிதரின் தாளையும் ஒரே தண்டனையால் அளக்கும் பாடசாலை, மாணவர்க்கு இரண்டின் வேறுபாட்டையும் கற்பிக்காத பாடசாலையாகும்.

வேறுபாட்டை அறிய மூன்று வினாக்கள் போதும். எள்ளப்பட்டது ஒருவரின் பெருமிதமா, அவரது குறையா? எள்ளப்பட்டவர் வலியரா, எளியரா? ஆக்கியவன் தன் பெயரை அதன் அடியில் எழுதத் துணிவானா? இம்மூன்றுக்கும் தக்க விடை கிடைக்குமாயின், அத்தாளைக் கிழியாது வகுப்பின் சுவர்ப்பத்திரிகையிலே ஒட்டுக. தமிழ்ப் பாடவேளை ஒன்றை இதற்கென ஒதுக்கினும் நன்று. மாணவர் ஒரு சுவரொட்டியைக் கொணரட்டும். அது கூறும் வாக்குறுதிகளை வரிசையாய் எழுதட்டும். எச்சொல் பொருளுடையது, எச்சொல் வெற்றொலி என்று பிரிக்கட்டும். பின்னர் அதற்கொரு போலி செய்யட்டும். இலக்கிய விமரிசனத்துக்கு இதனினும் எளிய அரிச்சுவடியை யான் அறியேன்.

ஒன்றை மாத்திரம் வற்புறுத்துக. ஆக்கியோன் பெயர் பாயிரத்தின் முதலுறுப்பு. தன் சிரிப்பின் கீழே தன் பெயரை எழுதப் பழகிய பிள்ளை, பிறர் நாணும்படி சிரிக்கமாட்டான்.